தரவை மாட்டுக்குத் தவிடு

கேள்வி: ஐயா, இறைச்சிக்காக நாலு நாம்பன் (இளங்காளை) வளர்க்கிறேன். பகலில் தரவை (வெட்டவெளிப் புல்நிலம்) மேய்ச்சல்தான். இப்போது புல் கருகி, விலா எலும்பு தெரிகிறது. மில் தவிடு எவ்வளவு வைக்கலாம்? (வேலணை வாசகர்)

பதில்: கட்டாயம் வையுங்கள் தம்பி. காய்ந்த புல்லில் புரதம் மிகக் குறைவு. நல்ல தவிட்டில் நூற்றுக்குப் 12 பங்களவு உண்டு. 200 கிலோ நாம்பனுக்கு நாளுக்கு ஒரு கிலோ போதும். ஒரு பிடியில் தொடங்கி, பத்து நாளில் மெல்ல ஏற்றுங்கள். தவிட்டில் எண்ணெய் அதிகம். அளவு மிஞ்சினால் மேய்ந்த புல்லும் செரிக்காது.

வாங்குமுன் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உமி மிதக்கும். உள்ளங்கையில் தேய்த்தால் குத்தும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். பச்சையரிசித் தவிடு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், புழுங்கல் தவிடு கொஞ்சம் தாங்கும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. தவிட்டில் பொஸ்பரசு அதிகம், கல்சியம் குறைவு. அதனால் நாம்பனுக்கு மூத்திரக் கல் அடைக்கலாம். முக்கி நின்று சொட்டுச் சொட்டாகப் பெய்தால் அன்றே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். தவிட்டோடு தீவனச் சுண்ணாம்புக்கல் மா 30 கிராம், கொஞ்சம் உப்பு சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். எள்ளுப் புண்ணாக்குக் கிடைத்தால் கால் கிலோ சேருங்கள், சதை பிடிக்கும்.