புது காரில் குறை: ஷோரூமிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: சென்னையில் புது கார் எடுத்த மறுநாளே ஒரு கதவின் பெயின்ட் வேறு நிறமாகத் தெரிகிறது, ஏசியும் குளிரவில்லை. "முதல் சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். நாள் போகப் போக, குறை வண்டியோடு வந்ததா, நீங்கள் ஓட்டியதில் வந்ததா என்று வாதம் கிளம்பும். இன்றே ஓடோமீட்டரும் தெரியும்படி வீடியோ எடுத்து, ஷோரூம் மேலாளருக்கும் கார் கம்பெனிக்கும் ஒரே மெயிலாக அனுப்புங்கள். போனில் கொடுத்த வாக்குறுதி பின்னால் நிற்காது.

வண்டியை சர்வீஸில் விடும்போது ஜாப் கார்டில் (செய்ய வேண்டிய வேலையை எழுதித் தரும் சீட்டு) "ஜெனரல் செக்கப்" என்று எழுத விடக்கூடாது. "இடது பின் கதவு நிற வேறுபாடு, ஏசி குளிரவில்லை" என்றே எழுதவைத்து நகல் வாங்குங்கள். ஒரே குறைக்கு இரண்டு, மூன்று ஜாப் கார்டு சேர்ந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெயின்ட் தடிமனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டி இருக்கும். அந்தக் கதவு மட்டும் 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்க வாய்ப்பு அதிகம். மழைவெள்ளத்துக்குப் பின் வாங்கிய வண்டியா? சீட் போல்ட்டில் துரு, கார்பெட்டுக்கு அடியில் சேறு, ஸ்டெப்னி குழியில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார். அடுத்தது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு அங்கேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. ஷோரூம், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். ரிப்பேரில் தீரும் குறைக்கு மாற்று வண்டி கிடைப்பது கடினம். வாரண்டி நீட்டிப்பும் நஷ்டஈடும் கேட்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னும் வண்டியை எடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ரிஜிஸ்ட்ரேஷன் ஆகும் முன்பே குறை கண்ணில் பட்டதா? அப்படியானால் டெலிவரியே எடுக்காமல் வேறு வண்டி கேளுங்கள்.