புது மீன் வந்த வாரம்: சில கேள்விகள்

வாங்கி நான்கே நாளான மோலி மீனின் வாலில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். மருந்து போட்டதும் மூன்று நாளில் மறைந்தன. மறுவாரம் தொட்டியில் உள்ள எல்லா மீன்களுக்கும் வந்துவிட்டது. மருந்து போலியா?

மருந்தின் மேல் பழி வேண்டாம், சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். இது வெண்புள்ளி நோய். 'இக்' என்றும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியும் புள்ளி, மீனின் தோலுக்குள் புதைந்து வளரும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை மருந்து அதை எட்டாது. வளர்ந்ததும் உதிர்ந்து, தரையில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்தும் ஒன்றிரண்டு நாளில்தான் மருந்துக்குச் சாகும். ஆக, புள்ளி மறைந்தபோது நோய் போகவில்லை, பெருகத்தான் போயிருந்தது.

மீன்கள் சூட்டைத் தாங்கும் வகையாக இருந்தால், ஹீட்டரை நாளுக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி 29–30 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், மருந்து முன்னதாகவே பிடிக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது மருந்தைத் தொடர வேண்டும். தொட்டியில் இறாலோ நத்தையோ இருந்தால் தாமிரம் கலந்த மருந்து கூடவே கூடாது. லோச், கோரிடோரஸ் போன்ற மீன்களுக்கு எந்த மருந்தையும் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

புதிதாக விட்ட ஆறு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. என்ன மருந்து?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். முதலில் தண்ணீரில் அமோனியா, நைட்ரைட் (மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சுகள்) இரண்டையும் சோதியுங்கள். ஒரே நாளில் ஆறு மீன் சேர்ந்தால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். இரண்டில் எது தென்பட்டாலும், குளோரின் நீக்கிய நீரால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால், அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உடம்பில் பொன்தூள் பூசியது போலத் தெரிந்தால் அது வெல்வெட் நோய். வெண்புள்ளியைவிட வேகமாகக் கொல்லும், அன்றைக்கே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

கப்பி மீனின் வாயைச் சுற்றிப் பஞ்சு போல இருக்கிறது. பூஞ்சைதானே?

பெரும்பாலும் இல்லை. காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய் பார்வைக்கு அச்சு அசல் பூஞ்சை மாதிரியே இருக்கும். வெண்புள்ளிக்கு உதவும் சூடு இங்கே கேடு, நோய் இன்னும் வேகமாகப் பரவும். மீனைத் தனியாக எடுத்துப் பாக்டீரியாவுக்கான மருந்து கொடுங்கள்.

இன்னொரு தொட்டிக்கு இடமில்லை. தனிமைப்படுத்துவது அவ்வளவு அவசியமா?

அவசியம்தான். ஒரு முறை 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது' என்று நேரடியாக விட்டு, நான் ஆண்டுக்கணக்கில் வளர்த்த மீன்களை இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியே வேண்டும் என்றில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப், ஒரு ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு, பெரிய தொட்டியில் முன்பே ஓடவிட்டுப் பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், இவ்வளவு போதும். நான்கு வாரம் வைத்திருந்தால் நல்லது, இரண்டுக்குக் குறையவே கூடாது. வலை, வாளி இரண்டும் அதற்கென்று தனியாக இருக்கட்டும். மீன் வந்த பையின் தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள்.

மீன் நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது, முதுகு வளைகிறது. ஏன்?

குடல் புழுவாக இருக்கலாம், மீன் காசநோயாகவும் இருக்கலாம். கழிவு வெள்ளை நூல் போல வந்தால் புழு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். காசநோய்க்கு நம்பகமான சிகிச்சை இல்லை. அந்தக் கிருமி நம் தோலில் உள்ள காயம் வழியாகவும் தொற்றும். கையில் கீறல் இருந்தால் நீண்ட கையுறை போடாமல் அந்தத் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.