தூக்கம் தரும் மனச்சோர்வு மாத்திரை: நீலகிரிக்காரர்களின் கேள்விகளுக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்கள்

கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா: மனச்சோர்வுக்கு மிர்டாசபின் 15 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள் டாக்டர். நாலாம் நாளே நன்றாகத் தூங்கிவிட்டேன். இனி நிறுத்திவிடலாமா?

வேண்டாம் அம்மா. நிறைய பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். இது வெறும் தூக்க மாத்திரை இல்லை. மூளையை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை இது தடுப்பதால் முதல் வாரத்திலேயே தூக்கம் வருகிறது. பழைய வகைச் சளி மாத்திரை போட்டால் கண் சொருகுகிறதே, அதே வழிதான். மனம் தெளிவது வேறு வேலை. அதற்கு 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். முழுக்கத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். தூக்கம் வந்ததும் நிறுத்தி, மறுபடி விடியற்காலை 3 மணிக்கு விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

குன்னூரிலிருந்து ஒரு டிரைவர்: காலையில் தலை பாரமாக இருக்கிறது சார். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடலாமா?

உடைக்காதீர்கள் தம்பி. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 7.5 மில்லிகிராமிலேயே தூக்கம் நன்றாக வந்துவிடும், ஆனால் மனச்சோர்வுக்கு அது போதாது. 30-க்கு உயர்த்தும்போது சிலருக்கு அசதி குறைவதும் உண்டு. அளவை மாற்றுவதை உங்கள் டாக்டரிடமே விடுங்கள். மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே 20 முதல் 40 மணி நேரம் ஆகும். அதனால் அசதி தெளியும்வரை மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் வண்டி எடுக்க வேண்டாம். முதலாளியிடம் காய்ச்சல் என்று சொல்லியாவது லீவு வாங்குங்கள்.

கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து: எங்கள் இடத்தில் இரவில் யானை வரும். மாத்திரை போட்டுத் தூங்கினால் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்து, வாங்கியதைப் பிரிக்கவே இல்லை.

இந்தப் பயத்தை யாரும் சிரித்து ஒதுக்கக் கூடாது. இது மயக்க ஊசி அல்ல, பெரிய சத்தம் கேட்டால் விழிப்பு வரும். ஆனால் எழுந்ததும் கால் தடுமாறும், புத்தி தெளியச் சில நிமிடம் ஆகும். அதனால் முதல் சில இரவுகள் வீட்டில் வேறொருவர் விழிப்பாக இருக்க ஏற்பாடு செய்துகொண்டு ஆரம்பியுங்கள். டார்ச் தலைமாட்டில் இருக்கட்டும்.

அதற்கு முன் ஒன்று யோசியுங்கள். யானைக்குப் பயந்து தூங்காமல் இருப்பது மட்டும் மனச்சோர்வு ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், சோறு இறங்காமல், கொழுந்து பறிக்கப் போகவே கை வராமல் இருக்கிறதா? யானை வராத நாளிலும் விழிப்பு வருகிறதா? ஆமாம் என்றால் மருந்து உதவும். பயம் மட்டும்தான் என்றால் மாத்திரை அதற்குப் பதில் இல்லை. இதையெல்லாம் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.

ஊட்டி: அம்மாவுக்கு 72 வயது, கண் நீர் அழுத்தம் உண்டு. பழைய வகை மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் வீட்டில் இருக்கிறது, கொடுக்கலாமா?

கூடாது. கண் அழுத்தம் ஏறலாம், சிறுநீர் அடைக்கலாம், மலச்சிக்கல் வரும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கும். குளிரில் நடுராத்திரி பாத்ரூம் போய் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். அளவு மீறினால் இதயத்தையும் பாதிக்கும்.

மிர்டாசபின் பழகிப்போகுமா? எடை கூடுமா? குளிருக்கு ஒரு பெக் போடலாமா?

போதை போல ஏங்க வைக்காது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வரும், படிப்படியாகக் குறைக்க வேண்டும். பசி கூடும், எடையும் ஏறும். மெலிந்தவருக்கு நல்லது, சர்க்கரை உள்ளவர் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெக் வேண்டவே வேண்டாம். சாயங்காலம் 4 மணிக்கு மேல் டீயும் வேண்டாம். டீ விளையும் ஊரில் இதைச் சொல்லச் சங்கடம்தான், சொல்லியாக வேண்டும். அப்புறம், காய்ச்சலோடு தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் மலைக்குளிர் என்று விடாதீர்கள். அரிதாக இந்த மருந்தால் வெள்ளை அணுக்கள் குறையும், உடனே ரத்தப் பரிசோதனை தேவை.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: சில இரவுகளில் இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

இதை எழுதியது நல்லது. காத்திருக்காமல் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, இந்த எண்ணம் கூடவும் செய்யலாம். அதனால் மாத்திரை அட்டையை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்து, தினமும் ஒன்று மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.