ஸ்னோவைத் தள்ளிய இடத்தில்தான் குழாய் உறையும்

கேள்வி: ஒன்ராறியோவில் லின்ட்சே பக்கம் 40 ஆடுகள் வளர்க்கிறேன். கிணற்றிலிருந்து கொட்டிலுக்கு நிலத்துக்குள்ளால் போகும் ஒரு அங்குலக் கறுப்புப் பொலித்தீன் குழாய் மாசி நடுவில் உறைந்துவிட்டது. வீட்டில் தண்ணீர் வருகிறது, கொட்டிலில் சொட்டுக்கூட இல்லை. வெல்டிங் மெஷினால் உருக்கித் தருகிறேன் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். வரச் சொல்லட்டுமா ஐயா?

பதில்: வேண்டாம் தம்பி. வெல்டிங் மெஷின் குழாயிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சிச் சூடாக்குவது. பொலித்தீனில் மின்சாரம் போகாது. இதுகூடத் தெரியாதவரை வளவுக்குள் எடுக்காதீர்கள். இரும்பு, செம்புக் குழாய்க்கும் இந்தக் குறுக்குவழியை நான் சொல்வதில்லை. மின்சாரம் வழிமாறி வீட்டு வயரிங்கில் ஏறித் தீப்பிடித்த கதைகள் உண்டு.

பம்பை நிறுத்தி, கொட்டிலுக்குப் போகும் குழாயின் வால்வைப் பூட்டுங்கள். கொட்டில் முனையில் குழாயைக் கழற்றி, அதற்குள் நுழையும் மெல்லிய, புதிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தள்ளிக்கொண்டே சின்னப் பம்பால் சுடுதண்ணீர் விடுங்கள். போன தண்ணீர் திரும்பி வந்து வாளியில் விழும். அதையே சூடாக்கி மறுபடி விடலாம். கை பொறுக்காத சூடு போதும், கொதிநீர் வேண்டாம். உப்போ ஆன்டிஃப்ரீஸோ கலக்கவே கூடாது, ஆடு குடிக்கிற குழாய் அது.

மெல்லிய குழாய் முதலில் எங்கே முட்டி நிற்கிறதோ, அந்த நீளத்தை மேலே நிலத்தில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் டிராக்டரால் ஸ்னோ தள்ளும் பாதைக்கு நேர் கீழே போய் நிற்கும். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

ஸ்னோவுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அது நிலத்துக்குப் போர்வை. தெற்கு ஒன்ராறியோவில் நான்கு அடி ஆழம் போதும் என்று குழாய் தாழ்க்கிறார்கள். மேலே போர்வை இருக்கும்வரை அது சரி. ஸ்னோவை வழித்து, சக்கரம் ஏறி இறுகிய கிரவல் பாதையில் குளிர் அந்த நான்கடியைத் தாண்டி இறங்கும். அதுவும் மெதுவாக இறங்கும். வெளியே வெயில் எறிக்கத் தொடங்கிய பிறகும் கீழே குளிர் போய்க்கொண்டே இருக்கும். மாசி, பங்குனியில் குழாய்கள் உறைவது அதனால்தான். குழாய் போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, அதற்குள் ஸ்னோவைத் தொடாதீர்கள். பாதையை மாற்றவே முடியாது என்றால் கோடையில் அந்த இடத்தைத் தோண்டி, குழாய்க்கு மேலே இரண்டு அங்குலத் தடிப்பு ஃபோம் பலகையை நான்கடி அகலத்துக்குப் படுக்கையாகப் போட்டு மூடுங்கள். கடைக்காரர் சூடாக்கும் கேபிளைத்தான் நீட்டுவார். ஒவ்வொரு குளிர்காலமும் மின்சாரக் கட்டணம், பழுதானால் திரும்பத் தோண்ட வேண்டும். பலகைக்கு இரண்டும் இல்லை.

தண்ணீர் வந்ததும் ஒரு டாப்பைப் பென்சில் தடிப்பில் பங்குனி முடியும்வரை ஓட விடுங்கள். முற்றத்தில் விட்டால் ஐஸ் பிடிக்கும், வடிகாலுக்குக் கொண்டுபோங்கள்.

அதுவரை காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீர் சுமந்து வையுங்கள். ஐஸ் தண்ணீரை ஆடு வாய் வைத்துவிட்டுப் போய்விடும். காய்ந்த புல்லும் தானியமும் தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கிடாய்களுக்குச் சிறுநீர்க் கல் அடைக்கும். முக்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பெய்யும் கிடாயைக் கண்டால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல், அன்றே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.