சோக் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தக் கலையில் கழுத்தை இறுக்கும் பிடியான சோக் பற்றி மட்டும் கேளுங்கள். கால் பூட்டுகளை இன்னொரு நாள் பார்க்கலாம்.

பின்னாலிருந்து கழுத்தைக் கையால் சுற்றும் ரியர் நேக்கட் சோக்கில் கை கடுக்கக் கடுக்க இறுக்குகிறேன், ஒருவரும் டேப் செய்வதில்லை, அதாவது விடச்சொல்லித் தட்டுவதில்லை. பலம் போதவில்லையா?

பலம் போதும், முழங்கைதான் இடம் மாறியிருக்கிறது. கை தாடை மேல் கிடந்தால் அவருக்குப் பல் வலிக்கும், அவ்வளவுதான். முழங்கை மடிப்பு தாடைக்குக் கீழே, தொண்டைக்கு நேர் எதிரே வரவேண்டும். அப்போது கழுத்தின் ஒரு பக்கத்தைப் புஜமும் மறுபக்கத்தை முன்கையும் அழுத்தும், மூச்சுக்குழாய்க்கு நடுவில் இடம் இருக்கும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகளைத்தான் நாம் அழுத்துகிறோம், மூச்சை அல்ல. சுற்றிய கையின் உள்ளங்கையால் உங்கள் மறு புஜத்தைப் பிடியுங்கள், மறு கையை அவர் பின்தலைக்குப் பின்னால் புறங்கை படும்படி ஒளித்துவையுங்கள், விரல் வெளியே தெரிந்தால் பிடுங்கிவிடுவார். அப்புறம் நெஞ்சை விரித்து, முழங்கைகளை உங்கள் விலா பக்கம் இழுங்கள். மெதுவாக. 1993-இல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி சண்டைப் போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி தன்னைவிடக் கனமான இருவரை வென்றதும் கழுத்துப் பிடியில்தான்.

என் கால் குட்டை. கால்களால் கழுத்தைப் பூட்டும் ட்ரையாங்கிள் எனக்கு வருமா?

வரும். நேராக மல்லாந்து கிடந்தபடி இறுக்காதீர்கள், அவர் இடுப்பில் பாதத்தை ஊன்றிப் பக்கவாட்டில் திரும்பி, அவர் காது தெரியும் கோணத்துக்கு வாருங்கள். ஒரு பக்கத்தை உங்கள் தொடை அடைக்கும், மறுபக்கத்தை அவருடைய தோளே அடைக்கும். திரும்பும்போது கெண்டைக்காலைப் பிடித்து இழுங்கள். பாதத்தைப் பிடித்து இழுத்தால் கணுக்கால் போய்விடும்.

எத்தனை நொடியில் மயக்கம் வரும்?

பிடி சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள். அதனால்தான் டேப் வந்த கணமே விடவேண்டும். கை மாட்டியிருந்தால் காலால் தட்டலாம், வாயால் சொல்லலாம், எல்லாமே டேப்தான்.

மாணவனை ஒரு தடவையாவது மயங்க வைத்தால்தான் பயம் போகும். என் கோச் எனக்குச் செய்தார், நன்றாகத்தான் இருக்கிறேன்.

கூடாது. நீங்கள் நன்றாக இருப்பது அதைச் சரியாக்கிவிடாது. கழுத்துத் தமனியின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. அரிதுதான், ஆனால் அது யாருக்கு வரும் என்று பயிற்சிப் பாயில் நின்று உங்களால் சொல்ல முடியாது.

ஜூடோவில் காலங்காலமாக இருக்கிறதே?

ஜூடோவில் டேப் செய்வதும் காலங்காலமாக இருக்கிறது. மாணவனின் பயம் போகவேண்டுமானால், பாதி அழுத்தத்தில் பிடித்து, அவன் தட்டியதும் விட்டு, மறுபடி பிடியுங்கள். தட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கை வந்தால் பயம் தானாகப் போகும். மயங்கி எழுந்தவன் அடுத்த வகுப்பில் கழுத்தை ஒளித்துக்கொண்டே பயிற்சிச் சண்டை போடுவான், பார்த்திருக்கிறேன்.

மயங்கிவிட்டால் என்ன செய்வது?

உடனே விடுங்கள், மல்லாந்து படுக்க வையுங்கள், காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், கன்னத்தில் அறைய வேண்டாம். சில நொடியில் தெளிந்துவிடுவார், தெளியாவிட்டால் ஆம்புலன்ஸ். தெளிந்தாலும் அன்று பயிற்சி முடிந்தது. பிறகு ஒருபக்கக் கழுத்துவலி, தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனை.

எத்தனை நொடி பிடித்தால் மயங்குவார்கள்?

மேலே இருக்கிறது. படியுங்கள்.

வீடியோ பார்த்து வீட்டில் தம்பி மேல் பழகலாமா?

வேண்டாம். கோச் இருக்கும் இடத்தில் சேருங்கள்.

மயங்கினால்தானே சோக் வேலை செய்கிறது என்று தெரியும்?

டேப் வந்தாலே தெரியும்.