கூஜாவைக் கவிழ்த்தது விலைதானா?

கம்ப்யூட்டர் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்ததால், இந்த முறை அதற்கே இடம். பதினாறு வருடம் ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவில் மிஷின்களைப் பார்த்துக்கொண்டவன் என்பதால், எனக்கும் இதில் பேச ஆசைதான்.

கேள்வி: திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ‘தொழிலுக்கென்று வரும் கம்ப்யூட்டரை எப்படித்தான் மாற்றி வடிவமைத்தாலும், கடைசியில் அது ஜெயிப்பதும் தோற்பதும் விலையால்தான்’ என்கிறார் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன். 2013இல் வந்த ஆப்பிள் மேக் ப்ரோவை உதாரணம் காட்டுகிறார். அவர் சொல்வது சரியா? - ஈரோடு வாசகர்

பதில்: அண்ணன் சொல்கிற விதி பல மிஷின்களுக்குப் பொருந்தும். ஆனால் அவர் பிடித்த உதாரணம் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2006 முதல் ஆப்பிள் விற்றுவந்த மேக் ப்ரோ, முழங்கால் உயரத்துக்கு ஓர் அலுமினிய டவர். மேலும் கீழும் கைப்பிடி வைத்தது. வருடங்கள் ஓடியும் அதில் பெரிய மாற்றமில்லை. 2013 மார்ச்சில் ஐரோப்பாவில் அதன் விற்பனையே நின்றுபோனது. உள்ளே இருந்த மின்விசிறிக்குத் தடுப்பு போதாது, புதிய பாதுகாப்பு விதிக்கு ஒத்துவரவில்லை என்பது காரணம். எங்களை மாதிரி ஆட்களை ஆப்பிள் கைவிட்டுவிட்டது என்று ஊரெல்லாம் முணுமுணுப்பு. அந்த ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஆப்பிளின் அன்றைய மார்க்கெட்டிங் தலைவர் ஃபில் ஷில்லர், ‘இனி எங்களால் புதுமை எதுவும் செய்ய முடியாதாம்’ என்று ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து நக்கலடித்தபடி புது மேக் ப்ரோவைக் காட்டினார். பளபளவென்று கறுப்பாக ஓர் உருளை. 25 சென்டிமீட்டர் உயரம், 5 கிலோ எடை. அமெரிக்கர்கள் குப்பைத் தொட்டி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஸ்டூடியோவில் அதன் பெயர் கூஜா.

டிசம்பரில் கடைக்கு வந்தபோது விலை 2,999 டாலர். பிராசஸரில் ஆறு கோர், அதாவது ஆறு மூளை உள்ள மாடல் 3,999. பழைய டவர் 2,499 டாலரில் தொடங்கியது என்பதால் எல்லோரும் ‘ஐயோ’ என்றார்கள். ஆனால் கூஜாவுக்குள் கிராபிக்ஸ் கார்டு ஒன்றல்ல, இரண்டு. மேல்மட்ட மாடலில் இருந்த கார்டுக்கு நெருக்கமான ஏ.எம்.டி. கம்பெனி கார்டைத் தனியாக வாங்கினால் ஒன்றே 3,000 டாலருக்கு மேல். அப்போது சிலர் அதற்கு இணையான பாகங்களைப் போட்டு விண்டோஸ் மிஷின் கட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். மேல்மட்ட மாடலைப் பொறுத்தவரை ஆப்பிள் விலையைத் தாண்டிப் போனது. ஆப்பிள் சரக்கு விஷயத்தில் இப்படிப்பட்ட அதிசயம் அடிக்கடி நடக்காது.

எங்கள் முதலாளியும் விலைக்காகத் தயங்கவில்லை. எடிட் சூட்டை, அதாவது எடிட்டிங் அறையை, ஷிஃப்ட் கணக்கில் வாடகைக்கு விடுகிறவருக்கு, போட்ட பணம் எத்தனை ஷிஃப்டில் திரும்பி வரும் என்பதுதான் கேள்வி. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். ‘வாங்கிடலாம்ப்பா’ என்றார்.

வந்த பிறகுதான் தொல்லை. பழைய டவரில் பின்பக்கத் தாழ்ப்பாளைத் தூக்கினால் பக்கவாட்டுக் கதவு கையோடு வந்துவிடும். உள்ளே 1, 2, 3, 4 என்று எண் போட்ட நான்கு தட்டுகள். ஒன்றை உருவி, ஹார்ட் டிஸ்கை அதில் வைத்து, தட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு ஸ்குரூவை முடுக்கி, உள்ளே தள்ளினால் ‘டக்’. கேபிள் செருகும் வேலையே இல்லை. படம் முடிந்ததும் டிஸ்கை உருவி, மேலே மார்க்கரில் படத்தின் பெயரை எழுதி அலமாரியில் அடுக்குவேன். வீடியோ உள்ளே எடுக்கும் கார்டும் அதே பெட்டிக்குள், கார்டு செருகுவதற்கென்றே இருக்கும் ஒரு ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கும்.

கூஜாவின் மேல்கூட்டைத் தூக்கினால் நாம் மாற்றக்கூடியது ரேமும் எஸ்.எஸ்.டி.யும்தான். மற்ற எல்லாம் வெளியே, வெளிப் பெட்டிகளை இணைக்கும் தண்டர்போல்ட் கேபிளின் முனையில். ஒரே மாதத்தில் நடுவே கூஜா, சுற்றிலும் டம்ளர் மாதிரி பெட்டிகள் என்று மேஜை நிறைந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் நாலு வைக்க ஒரு பெட்டி, வீடியோ கார்டுக்கு ஒரு பெட்டி, டிவிடி எழுத ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர். அத்தனை அடாப்டருக்கும் கீழே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். இந்தப் பெட்டிகளுக்கும் கேபிள்களுக்கும் கொடுத்த பணத்தையும் கூட்டினால்தான் கூஜாவின் நிஜ விலை தெரியும். அந்தத் தொகை எந்த விளம்பரத்திலும் வரவில்லை.

ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். டீ குடிக்க எழுந்தேன். கால் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி, டிஸ்க் பெட்டி அணைந்தது. அப்போது ஒரு ரீல் எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தது. பின்னால் சோஃபாவில் தயாரிப்பாளர். தப்பு என் காலுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்க் வயிற்றுக்குள்ளேயே இருந்த பழைய டவரில் இப்படி நடக்க வழியே இல்லை.

இதையும் சொல்ல வேண்டும்: கூஜாவை லேசாகத் திருப்பினால் பின்னால் உள்ள போர்ட்களைச் சுற்றித் தானாக வெளிச்சம் வரும். இருட்டு எடிட் சூட்டில் அது எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா? வந்தவர் போனவருக்கெல்லாம் திருப்பிக் காட்டியிருக்கிறேன். சத்தமும் கிடையாது. ஓடுகிறதா இல்லையா என்று தலையில் கைவைத்துப் பார்க்க வேண்டும். சூடாகக் காற்று வந்தால் ஓடுகிறது.

அந்தக் காற்றில்தான் அதன் விதியும் இருந்தது. நடுவில் முக்கோணமாக ஓர் அலுமினியத் தூண். ஒரு பக்கம் பிராசஸர், மற்ற இரண்டு பக்கம் கிராபிக்ஸ் கார்டுகள், மேலே ஒரே ஒரு ஃபேன். மூன்று பக்கமும் சூட்டை அளவாகப் பங்கிட்டுக்கொண்டால் கச்சிதம். ஆனால் வெளியுலகம் போன திசை வேறு. ஒரே கார்டு, அது ராட்சசக் கார்டு, அதற்கேற்ற சூடு என்று ஆனது. அப்படி ஒன்றை இந்தத் தூணில் வைக்க இடமில்லை. பல சாஃப்ட்வேர்கள் இரண்டாவது கார்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 2017 ஏப்ரலில் சில பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, வெப்ப விஷயத்தில் எங்களை நாங்களே ஒரு மூலைக்குள் தள்ளிக்கொண்டுவிட்டோம் என்ற பொருளில் ஆப்பிளின் சாஃப்ட்வேர் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி ஒப்புக்கொண்டார். அந்தக் கம்பெனி வாயிலிருந்து இது வருவது பெரிய விஷயம்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான சங்கதி இனிமேல்தான். அதே சமயத்தில் ஆப்பிள் விலைப் பட்டியலையும் மாற்றியது. அதுவரை 3,999 டாலருக்கு விற்ற ஆறு கோர் பிராசஸரும் அதன் கார்டுகளும் 2,999க்கு இறங்கின. கிட்டத்தட்ட 1,000 டாலர் தள்ளுபடி. விலைதான் வில்லன் என்றால் அன்றைக்கே கூஜா பிழைத்திருக்க வேண்டும். பிழைக்கவில்லை. ‘அடுத்த மாடல் தயாராகிறது என்றும் அன்றே சொல்லிவிட்டார்களே, அப்புறம் யார் வாங்குவார்கள்’ என்று அண்ணன் மடக்கலாம். நியாயம்தான். ஆனால் மூன்றரை வருடப் பழைய கார்டைக் கழற்றிப் புதியதை மாட்ட முடியாத மிஷினை, அதைச் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேள்வி: அந்த உருளை மேக் ப்ரோ இப்போது செகண்ட் ஹேண்டில் மலிவாக வருகிறது. வாங்கிப் போடலாமா? - தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஷோகேஸில் வைக்க என்றால் தாராளமாக. வேலைக்கு என்றால் வேண்டாம். ஆப்பிள் இயங்குதளத்தில் 2021இல் வந்த மேக்ஓஎஸ் மான்டரேதான் அதில் முறையாக ஏறும் கடைசிப் பதிப்பு. புதிய எடிட்டிங் சாஃப்ட்வேர்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். 2015இல் தயாரானவற்றில் சிலவற்றின் கிராபிக்ஸ் கார்டில் கோளாறு இருந்து, 2016இல் ஆப்பிளே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று கார்டு போனால் இன்னொரு பழைய கூஜாவைத் தேடி, அதிலிருந்து கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: விலையால் மட்டுமே தோற்ற கம்ப்யூட்டர் என்று ஏதாவது உண்டா சார்? - நாகர்கோவில் கல்லூரி மாணவி

பதில்: ‘மட்டுமே’ என்பதை எடுத்துவிட்டால் உண்டு. ஆப்பிளின் பவர் மேக் ஜி4 கியூப். 2000 ஜூலையில் வந்தது. ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் கனசதுரம், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தொங்குவதுபோல் இருக்கும். ஃபேனே கிடையாது. சூடு மேல்வழியாகத் தானாக வெளியேறும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டில்தான் கிடைக்கவில்லை.

விலை 1,799 டாலர், மானிட்டர் தனி. அதே ஜி4 பிராசஸரோடு ஸ்லாட்களும் கொண்ட டவர், வேகம் சற்றுக் குறைவுதான் என்றாலும், 1,599 டாலருக்கு அதே கடையில் பக்கத்திலேயே நின்றது. பக்கத்து இலையில் அதே சாப்பாடு வடையோடு குறைந்த விலைக்குக் கிடைத்தால் நீங்கள் எந்த இலையில் உட்காருவீர்கள்? இடையில் விலையைக் குறைத்தும் பார்த்தார்கள். 2001 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். விற்றது சுமார் 1,50,000.

கவனியுங்கள், 1,799 என்பது தொழில்முறை மிஷினுக்குக் கொள்ளை விலையில்லை. பக்கத்தில் நின்ற 1,599தான் அதைக் கொள்ளையாகக் காட்டியது.

கேள்வி: கம்ப்யூட்டருக்குச் சக்கரம் மாட்ட 400 டாலர் என்று நண்பன் சொல்கிறான். நம்பலாமா? - வேலூர் வாசகர்

பதில்: நம்புங்கள். 2019 மேக் ப்ரோ விற்பனையில் இருந்தபோது, ஆர்டரிலேயே சக்கரம் கேட்டால் 400 டாலர் கூடுதலாக வாங்கினார்கள். பிறகு தனியாக வாங்கினால் 699 ஆனது. இத்தனை கொடுத்தும் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. அதே வருடம் ஜூனில் சான் ஹோசே மேடையில் மானிட்டரின் ஸ்டாண்ட் மட்டும் 999 டாலர் என்று அறிவித்தபோது, கைதட்ட வந்த கூட்டமே முனகியது.

சிரித்தாகிவிட்டது, மிஷினுக்கு வருவோம். கூஜாவில் பட்ட அடிக்குப் பரிகாரமாக ஆப்பிள் மறுபடியும் டவருக்கே வந்தது. எட்டு ஸ்லாட், 1.5 டெராபைட் வரை ரேம், கைப்பிடியைத் திருகித் தூக்கினால் முழுக் கூடும் கழன்று வரும். நாங்கள் ஆறு வருடமாகக் கேட்டதெல்லாம் இருந்தது. தொடக்க விலை 5,999 டாலர், கூஜாவைப்போல் இரண்டு மடங்கு. எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினால் 50,000 டாலரைத் தாண்டும். எங்கள் முதலாளி இந்த முறையும் கால்குலேட்டரை எடுத்தார். கொஞ்ச நேரம் தட்டினார். எதுவும் சொல்லாமல் மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

ஈரோடு அண்ணன் 2019 மாடலைச் சொல்லியிருந்தால் நான் வாதாடியே இருக்க மாட்டேன். மிஷினில் குறையில்லை. ஹாலிவுட் ஸ்டூடியோ மாதிரி இடங்களுக்கு அது சில்லறைக் காசு. இரண்டு சூட் வைத்துப் பிழைக்கிறவனை விலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.

கேள்வி: சவுண்ட் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எம்2 அல்ட்ரா மேக் ப்ரோ ஏழு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். மேக் ஸ்டூடியோ போதும் என்கிறான் தம்பி. யார் பேச்சைக் கேட்பது? - சென்னை வாசகர்

பதில்: பெரும்பாலும் தம்பி பேச்சை. 2022இல் 1,999 டாலருக்கு மேக் ஸ்டூடியோ என்ற ஸ்லாட் இல்லாத சின்னப் பெட்டி வந்ததுமே, 2019 டவரால் துரத்தப்பட்டவர்கள் எல்லோரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். 2023இல் மேக் ப்ரோவும் மேக் ஸ்டூடியோவும் ஒரே எம்2 அல்ட்ரா சிப்போடு ஒன்றாக வந்தன. அப்போது ஸ்டூடியோ 3,999 டாலர், ப்ரோ 6,999. நடுவில் இருக்கும் 3,000 டாலர் ஸ்லாட்டுக்குத்தான். அந்த ஸ்லாட்டிலும் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாது. ரேமும் 192 ஜி.பி.யோடு சரி. முந்தைய டவர் 1.5 டெராபைட் வரை ஏற்றுக்கொண்டது என்பதை நினைத்துப் பாருங்கள். 2025 மார்ச்சில் வந்த மேக் ஸ்டூடியோவில் எம்3 அல்ட்ராவும் 512 ஜி.பி. ரேம் வரையும் கொடுத்தபோது, மேக் ப்ரோ எம்2விலேயே நின்றது. அண்ணன் பழைய சட்டையோடு நிற்க, தீபாவளிக்குத் தம்பிக்கு மட்டும் புதுச் சட்டை எடுத்த வீடு மாதிரி.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் உங்கள் தொழில். ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு சாஃப்ட்வேருக்கான எச்.டி.எக்ஸ். கார்டு மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஸ்லாட் நிஜமாகவே தேவை. ஒரு கார்டுதான் என்றால் தண்டர்போல்ட் பெட்டியில் போட்டு ஸ்டூடியோவோடு இணைத்துவிடலாம். அடாப்டரை மட்டும் கால் படாத இடத்தில் வையுங்கள். கடைக்குப் போகும்முன் இப்போது இருக்கும் மிஷினைத் திறந்து, உள்ளே எத்தனை கார்டு இருக்கிறது, அதில் எத்தனை இன்னும் உபயோகத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.