‘மூ’வா, ‘மொக்கு’வா?

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய மொழி படித்து வருகிறேன். மரத்தைக் குறிக்கும் சீன எழுத்தை (木) எங்கள் ஆசிரியை தனியாக வந்தால் ‘கி’ என்கிறார். வியாழக்கிழமைக்கான சொல்லில் ‘மொக்கு’, மரத்தால் செய்த போர்வாளுக்கான சொல்லில் ‘பொக்கு’ என்கிறார். அலுவலகத்துச் சீன நண்பரோ ‘மூ’ என்கிறார். எது சரி? பொருள் மரமா, மரக்கட்டையா?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

நான்கும் சரிதான்.

சீனாவின் ஆன்யாங்கில் கிடைத்த, மூவாயிரம் ஆண்டு கடந்த, எழுத்துப் பொறித்த எலும்புகளில் இவ்வெழுத்தைப் பாருங்கள். நெடுக்கே ஒரு கோடு, தண்டு. மேலே விரிவது கிளை, கீழே விரிவது வேர். ஆகவே முதற்பொருள் மரம். அடியில் சிறு கோடு இட்டால் வேர். உச்சியில் இட்டால் நுனி. பின்னாளில், ‘நடுதல்’ என்ற பொருளுடைய வேறோர் எழுத்து நிற்கும் மரத்துக்கு வந்துவிட, சீனத்தில் இது பெரும்பாலும் கட்டையைக் குறிக்கலாயிற்று. உணர்ச்சியற்றுப் போவதையும் இதைக் கொண்டே சொல்கிறார்கள். நாமும் கை மரத்துப்போயிற்று என்கிறோம் அல்லவா!

ஒலிக்கு வருவோம். பழஞ்சீனத்தில் இச்சொல் ‘க்’ என்று முடிந்தது. வடசீனம் அதை இழந்து ‘மூ’ ஆனது. 14ஆம் நூற்றாண்டு ஒலிநூலிலேயே அந்த இழப்பைக் காணலாம். விளிம்புகள் விடவில்லை: தென்சீனத்துக் கான்டனில் ‘முக்’, கொரியாவில் ‘மொக்’, வியட்நாமிலும் ‘மொக்’. ஜப்பானியர் இருமுறை கடன் வாங்கினார்கள். முதலில் வந்தது ‘மொக்கு’. பிறகு தாங் அரசின் தலைநகர் சாங்கானில் ‘ம’ ஒலி ‘ப’வை நெருங்கிய காலத்தில் வந்தது ‘பொக்கு’. ‘கி’ அவர்களுடைய சொந்தச் சொல்.

வியாழக்கிழமை ஏன்? சீனரின் ஐந்து பூதங்களில் மரம் ஒன்று. கிழக்கும் வசந்தமும் வியாழன் கோளும் அதற்குரியவை. கோள்களின் பெயரால் கிழமை சொல்வது இந்தியா வழியாகச் சீனத்துக்குப் போன வழக்கம். 8ஆம் நூற்றாண்டில் அமோகவஜ்ரர் என்ற பௌத்தத் துறவி மொழிபெயர்த்த சோதிட நூலில் அது இருக்கிறது. நம் வியாழனும் அவர்களுடைய மரக்கிழமையும் ஒரே நாள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பரவசம்.

இந்த எழுத்துக்கு இன்ன ஒலி என்று மனப்பாடம் செய்யாதீர்கள், சொல்லாகவே படியுங்கள். அறுத்த மரம் ‘ஸாய்மொக்கு’. பெருமரம் ‘தாய்பொக்கு’. மரத்தின் இலை ‘கொனொஹா’. அங்கே ‘கி’ கூட ‘கொ’ ஆகிவிடுகிறது.